சார் வரச் சொன்னாங்க

ஜெபகனி மதியத் தூக்கம் கலைந்து வாசலுக்கு வந்தபோது, முன்பின் பார்த்திராத வெள்ளைக் கார் ஒன்று வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை. கதவுகள் பூட்டியிருந்தன. மதில் சுவரில் மாட்டியிருந்த பெட்டியிலிருந்து கறுப்பு வயர் இறங்கிக் காரின் மூக்குக்குள் போயிருந்தது. பெட்டியில் இருந்த பச்சை விளக்கு, மூச்சு விடுவதுபோல எரிவதும் அமர்வதுமாக இருந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. பாளையங்கோட்டையில் அந்த நேரத்து வெயிலுக்கு நாய்கள்கூட சாக்கடைப் பாலத்துக்கு அடியில் போய்ப் படுத்துவிடும்.

கேட் சாத்தியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அந்த இரும்புக் கேட்டின் தாழ்ப்பாள் இறுகிப்போய் வருஷக்கணக்காகிறது. இடது பக்கத்தைத் தூக்கிப் பிடித்துத் தள்ளினால்தான் திறக்கும். பால்காரர்கூட வெளியே நின்றுதான் குரல் கொடுப்பார். அந்தச் சூட்சுமம் வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும். மகள் ரீபா பெங்களூரில் இருந்தாள். வீட்டுக்காரர் ஞானசிகாமணி கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்.

சற்று நேரத்தில் ஒரு ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் வந்தார். கேட்டை இடது பக்கம் தூக்கி, சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எழுப்பிட்டேனாம்மா? பைய பையத்தான் தள்ளினேன்."

"நீங்க யாரு?"

"பூதலிங்கம். நாகர்கோவில். சவாரி இறக்கிட்டுத் திரும்புதேன். பைபாஸ்ல இருக்க ரெண்டு சார்ஜ் மிஷின்ல ஒண்ணு படுத்துக் கிடக்கு. இன்னொண்ணுல எனக்கு முன்னால கல்யாண வீட்டுக்காரங்க வண்டியா நிக்கி. மாப்பிள்ளையே வெயில்ல நிக்கான், நான் என்ன செய்ய? ஆப்ல பார்த்தா உங்க வீடு காட்டுச்சு. சாருக்குப் போன் போட்டேன்."

"எந்த சாருக்கு?"

"ஞானசிகாமணி சாருக்குத்தான். தங்கமான மனுஷன்மா. கேட்டை இடது பக்கம் தூக்கித் தள்ளுங்க, அம்மா தூங்குவாங்க, பெல் அடிச்சிராதீங்கன்னாங்க. உள்ள இருக்காங்களா? ஒரு நன்றி சொல்லிட்டுப் போயிருதேன்."

ஜெபகனி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளியே போயிருக்காங்க" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. சொன்ன பிறகு அதை மாற்றவும் மனம் வரவில்லை. பூதலிங்கம் கரண்டுக்கான காசை மீட்டர் பெட்டியின் மேல் ஒரு கல்லை வைத்து அமுக்கிவிட்டு, சாரைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெபகனி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டிரங்க் கால் காலத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், கல்யாணச் செய்தியும் சாவுச் செய்தியும் வாழைத்தார் விலையும் அவள் காது வழியாகத்தான் ஊர் விட்டு ஊர் போகும். இரண்டு பக்கத்துப் பேச்சும் காதில் விழும். விழாததுபோல் இருக்க வேண்டும். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம்தான் என்றாலும், ஞானசிகாமணியின் முகத்துக்கு முன்னாலேயே அவருடைய குரல் அவளுக்குப் பழக்கம். சாயர்புரத்து அக்காவுக்கு மாதம் தவறாமல் கால் போடுவார். எல்லாரும் ஆபரேட்டரை விரட்டுகிற காலத்தில், "நிதானமா போட்டுக் குடுங்கம்மா, நான் இருக்கேன்" என்று சொல்கிற ஒரே ஆள். 'நான் இருக்கேன்' ஆள் லைனில் இருக்கிறார் என்று கூட வேலை பார்த்த பெண்கள் கேலி செய்வார்கள்.

மிஷன் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற கையோடு, அவர் ஒரு கரண்டு கார் வாங்கினார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, நம்பி வந்த சார்ஜிங் மிஷின் திரை கறுத்துப்போய் நின்றது. தச்சநல்லூருக்கு வருவதற்குள் கார் படுத்துவிட்டது. ஒரு மாவு மில் அண்ணாச்சி இரக்கப்பட்டு வயர் இழுத்துக் கொடுத்தார்.

"ஏன் சார்வாள், பெட்ரோல் காருன்னா பாட்டில்ல வாங்கி ஊத்திக்கிட்டுப் போயிரலாம். கரண்டை எந்தப் பாட்டில்ல பிடிச்சுக் குடுக்க?"

மிளகாய்ப் பொடி நெடியில் கணவனும் மனைவியும் பட்டுத்துணியோடு உட்கார்ந்து சாயங்காலம் வரை தும்மினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஞானசிகாமணி மதில் சுவரில் அந்தப் பெட்டியை மாட்ட ஆள் பிடித்தார். அதோடு விடவில்லை. சார்ஜ் போடும் இடங்களைக் காட்டுகிற ஆப்பில் தன் வீட்டையும் சேர்த்தார். தன் பெயர், தன் செல் நம்பர், கேட்டின் படம்.

"கண்டவன்லாம் வீட்டுக்குள்ள வருவானே" என்றாள் ஜெபகனி.

"பைபாஸ்ல ரெண்டு மிஷின் இருக்கு. ஓட்டல்காரன் சாப்பிட வாறவனுக்கு மட்டும்னு ஒண்ணு வச்சிருக்கான். ஷோரூம்காரன் தன் கம்பெனி வண்டிக்கு மட்டும்ங்கான். நடுவழியில நிக்கவன் எங்க போவான் கனி?"

வந்தார்கள். சார்ஜ் ஏறுகிற நேரமெல்லாம் ஞானசிகாமணி நாற்காலி போட்டு அவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். பேச ஆள் கிடைக்கத்தான் பெட்டியை மாட்டினாரோ என்று ஜெபகனிக்குச் சந்தேகம் உண்டு.

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு இருவரும் படுத்தார்கள். அவள் எழுந்தபோது பக்கத்தில் அவர் குளிர்ந்திருந்தார். எந்நேரம் போனார் என்று டாக்டருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கூப்பிட்டாரா, தண்ணீர் கேட்டாரா, ஒன்றும் தெரியாது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் நிச்சயம். அத்தனை பேரோடு அத்தனை பேச்சுப் பேசிய மனுஷன், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்.

கோயிலுக்குள் நுழையும்போது செல்போனைச் சத்தமில்லாமல் வைத்து, வேதாகமத்தின் ஜிப் உறைக்குள் பாமாலைப் புத்தகத்துக்கும் காணிக்கைக் கவருக்கும் நடுவில் சொருகிவிடுவது அவர் வழக்கம். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் செய்வதுதான். சவப்பெட்டியை மூடும் முன்னால், சார் கையை விட்டு இறங்காத வேதாகமம் ஆயிற்றே என்று சபை மூப்பர் ஒருவர் அதை உறையோடு எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைத்தார். யாருக்கும் ஜிப்பைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

அடக்கம் முடிந்து வந்த பிறகுதான் செல்போனைத் தேடினார்கள். ஜெபகனி தன் போனிலிருந்து அழைத்தாள். அடுத்த பக்கம் மணி போய்க்கொண்டே இருந்தது. வீட்டில் எந்த மூலையிலும் வெளிச்சம் தெரியவில்லை. ரீபாவுக்குத்தான் முதலில் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, கட் பண்ணு. கட் பண்ணும்மா!"

தோண்டலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய காரியமா அது? மருமகன் ஜோஷுவா மட்டும், "நாளைக்குள்ள சார்ஜ் இறங்கிரும் அத்தை" என்றான், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. அதன் பிறகு ஜெபகனி அந்த நம்பருக்கு அழைத்ததே இல்லை. மண்ணுக்கு அடியில் மணி அடித்த அந்தச் சத்தம் அவள் காதிலேயே இருந்தது.

காரை விற்றார்கள். பெட்டி சுவரில் இருந்தது. ஆப்பிலும் வீடு இருந்தது. அதை எடுத்துவிட ரீபா முயன்று பார்த்தாள்.

"ஓடிபி அப்பா நம்பருக்குத்தான் போகுமாம். அது வந்தாத்தான் அழிக்க முடியுமாம்."

"அப்பாட்ட போய் வாங்கிட்டு வரச் சொல்லுதானா?"

ரீபா அழுதுவிட்டாள். ஜெபகனி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவ்வப்போது யாராவது வந்து பெல் அடிப்பார்கள். சார் போன் சுவிட்ச் ஆஃப் என்று வருதே என்பார்கள். இறந்துட்டாங்க என்று சொல்லி, கேட்டைத் தூக்கித் திறந்து விடுவாள். அவர்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இருக்கிற வரை ஒதுங்கி நின்று, போய்விடுவார்கள். மார்ச் மாதம் பூதலிங்கம் வருகிற வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

"நம்பரை வேற யாருக்காவது குடுத்திருப்பாங்கம்மா" என்றாள் ரீபா போனில். "கொஞ்ச நாள் ரீசார்ஜ் பண்ணலைன்னா குடுத்திருவாங்க."

"அவனுக்குக் கேட்டைத் தூக்கித் தள்ளணும்னு எப்படிட்டி தெரியும்?"

"அப்பா ஆப்ல எழுதி வச்சிருப்பாங்க. இரு, பாக்கேன்." ஆப்பைத் திறந்து தேடினாள். "இல்லம்மா. அப்படி ஒண்ணும் எழுதலை." பிறகு சொன்னாள், "நீ இங்க வந்திரும்மா."

பூதலிங்கத்துக்குப் பிறகு வந்தவர்கள் யாரும் பெல் அடிக்கவில்லை. ஜெபகனி எழுந்து வந்து பார்த்தால் முற்றத்தில் ஏதாவது ஒரு கார் நிற்கும். சில நாள் கார் வந்து போன தடம் மட்டும் இருக்கும், மீட்டர் பெட்டி மேல் கல்லுக்கு அடியில் நோட்டு இருக்கும். அகப்பட்டவர்களிடமெல்லாம் அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள். குரல் எப்படி இருந்துச்சு?

"நல்லாத்தான் பேசினாங்க. கொஞ்சம் தொண்டை கட்டின மாதிரி."

"வாத்தியார் குரல்மா. நிதானமா வாங்க, நான் இருக்கேன்னாங்க."

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் யோசித்து யோசித்துச் சொன்னார். "பின்னால ஒரு சத்தமும் இல்லம்மா. ரோட்டுச் சத்தம், ஃபேன் சத்தம், ஒண்ணுமே இல்ல. அப்படி ஒரு அமைதியான இடத்துல இருந்து யாரும் பேசி நான் கேட்டதில்ல."

அவள் பயந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பயத்தைவிட வேறொன்று அவளை அரித்தது. வழியில் போகிறவனுக்கெல்லாம் பேசுகிறார். நாகர்கோவில்காரன் கேட்கிறான், தென்காசிக்காரன் கேட்கிறான். கட்டினவள் கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வேண்டும். அதற்கு அவள் அந்த நம்பரை அழைக்க வேண்டும். வேறு யாராவது எடுத்துவிட்டால் அவர் முழுக்கவே இல்லை என்று ஆகிவிடும். அவரே எடுத்துவிட்டால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. பல நாள் நம்பரைத் தட்டி, கடைசி எண்ணில் விரலை எடுத்துக்கொண்டாள்.

கத்திரி வெயில் தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம் அவள் அழைத்துவிட்டாள். இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்தார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், ஷமீம் பிராய்லர்ஸ். எத்தனை கிலோ?"

ஜெபகனி போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இது... ஞானசிகாமணி சார் நம்பர்."

"யா அல்லா! நீங்களும் காரா?"

"இல்ல. நான் அவங்க வீட்டம்மா. சார் தவறிட்டாங்க."

"அடடா. மன்னிச்சிருங்கம்மா. நான் மேலப்பாளையத்துல கோழிக்கடை வச்சிருக்கேன். புது நம்பர்னுதான் சிம்மைக் குடுத்தான்."

"அப்ப வாறவங்கட்ட கேட்டைத் தூக்கித் தள்ளச் சொன்னது நீங்கதானா?"

"அதைத்தாம்மா நானும் கேக்கேன்! சார்ஜ் கன் இருக்கான்னு கேக்காங்க. கோழிக்கடையில ஏதும்மா கன்னு, கத்திதான் இருக்கு. தப்பு நம்பர்னு சொல்லுதேன். 'சரி சார், இடது பக்கம் தூக்கித் தள்ளுதேன்'னு சொல்லிட்டு வச்சிருதாங்க. நான் என்ன சொல்லுதேன், அவங்க என்ன கேக்காங்க?"

"எப்ப வாங்கினீங்க இந்த நம்பரை?"

"போன வெள்ளிக்கிழமை."

"நல்லா ஞாபகம் இருக்கா தம்பி? மார்ச்ல இல்லையா?"

"மார்ச்ல நான் வெளிநாட்டுல, தம்மாம்ல இருந்தேம்மா. ஊருக்கு வந்தே மாசம் ஆகல."

ரீபாவுக்கு விஷயம் தெரிந்ததும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கோழிக்கடைக்காரரிடம் ஓடிபியைக் கேட்டு வாங்கு, இன்றைக்கே அழித்துவிடுவோம், இந்தத் தொல்லை ஒழியட்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றாள் ஜெபகனி. மறுநாளும் அதையே சொன்னாள்.

அதற்குள் ஷமீமே வந்துவிட்டான். வெயிலில் ஸ்கூட்டரை வெளியே நிறுத்திவிட்டு, கேட்டைத் தொடாமல் தெருவிலேயே நின்று "அம்மா" என்று கூப்பிட்டான். முப்பது வயசு இருக்கும். கொடுத்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தான். சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த சிம்மை எடுத்து நீட்டினான்.

"இது எனக்கு வேண்டாம்மா. கடை போர்டுல நம்பரையும் அழிச்சிட்டேன். பெயின்ட் காயக்கூட இல்ல."

"ஏன், என்ன ஆச்சு?"

அவன் மதில் சுவரில் இருந்த பெட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டான்.

"நேத்து ஒரு கால் வந்துச்சு. நாம என்ன சொன்னாலும் வேற மாதிரி கேக்குதே, பேசாம இருந்து பாப்போம்னு எடுத்து சும்மா வச்சிருந்தேன். வாயே திறக்கலம்மா. அந்தப் பக்கத்து ஆளு பேசுதாரு, நிறுத்துதாரு, ஆமா சார்ங்காரு, சிரிக்காரு. என் காதுல ஒரு பேச்சும் விழல. ஆனா யாரோ அவருக்குப் பதில் சொல்லுதாங்க. என் போன்ல இருந்து, என் கைக்குள்ள இருந்து." அவன் குரல் இறங்கியது. "எங்க உம்மா ஓதிப் பாத்துட்டு, உரியவங்ககிட்டயே குடுத்திருன்னுட்டாங்க. கெட்டதா ஒண்ணும் தோணலம்மா. ஆனா அது எனக்குள்ளது இல்ல."

உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். இன்னொரு நாள் வருகிறேன் என்று ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டான்.

ஜெபகனி அந்தச் சிம்மைத் தன் போனில் இரண்டாவதாகப் போட்டாள். இப்போது ஓடிபி அவள் கைக்கே வரும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ரீபா அழைத்தபோது அவள் இதைச் சொல்லவில்லை. மழை வருமா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எப்போது திறக்கிறது என்று பேசிவிட்டு வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் அவள் படுக்கவில்லை. போனை ஒலியில்லாமல் வைத்து மடியில் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் தரையில் வெள்ளைத் துணி விரித்ததுபோல் கிடந்தது. போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். வாயைத் திறக்கவில்லை.

"ஹலோ, சார்? சார்ஜ் போடுற இடமா சார்?" ஒரு பெண் குரல். பதற்றமாக இருந்தது. "நான் சுப்ரஜா. தூத்துக்குடியில இருந்து வாறேன். கே.டி.சி. நகர்கிட்ட நிக்கேன்... மூணு பர்சன்ட்தான் காட்டுது சார்... ஆமா, ஏசியை அப்பவே அமத்திட்டேன்..."

நடுநடுவே ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை. ஜெபகனி மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை அழுத்தினாள். ஒரு சொல்லும் விழவில்லை. ஆனால் அந்த இடைவெளிகளின் நீளம் அவளுக்குத் தெரிந்தது. முதலில் ஒரு சின்ன இடைவெளி, அவர் தொண்டையைச் செருமிக்கொள்கிற அளவு. பிறகு நீளமாக ஒன்று, வழி சொல்கிற அளவு. அதற்குள் ஒரு நகைச்சுவையும் இருந்திருக்க வேண்டும், அந்தப் பெண் சிரித்தாள்.

"பயமாத்தான் சார் இருக்கு... சரி சார்... சரி, பெல் அடிக்கல... அப்படியா?... அம்மாட்டயா?... சரிங்க சார். சொல்லுதேன். கண்டிப்பா சொல்லுதேன்."

லைன் கட்டானது.

ஜெபகனி எழுந்தாள். செருப்பில்லாமலே முற்றத்தில் இறங்கி, கேட்டைத் தூக்கி அகலமாகத் திறந்து வைத்தாள். சிமென்ட் தரை உள்ளங்காலைச் சுட்டது. மூன்று பர்சன்ட். ரயில்வே கேட் அடைத்திருந்தால்? மேம்பாலத்தில் ஏறும்போது நின்றுவிட்டால்? அந்தப் பெண் வழியில் நின்று, வேறு யாராவது உதவி செய்து, அப்படியே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால், சொல்லச் சொன்னது என்ன ஆகும்? தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீல நிறக் கார் ஒன்று சத்தமே இல்லாமல் திரும்பி, நடந்து வருகிற வேகத்தில் வந்து முற்றத்துக்குள் நின்றது. இறங்கிய பெண்ணின் ரவிக்கை வேர்வையில் ஒட்டியிருந்தது. கழுத்தில் மருந்துக் கம்பெனி அட்டை தொங்கியது. வயரைச் சொருகி, பச்சை விளக்கு வந்ததும் காரின் மேலேயே சாய்ந்துகொண்டாள்.

"உயிரே வந்துச்சும்மா. ஒண்ணு காட்டுது, ஒண்ணு! தூங்குவீங்கன்னாங்களே சார்."

"இன்னைக்குத் தூங்கல." ஜெபகனி அவளுக்குப் பக்கத்தில் போனாள். "சார் என்னமோ எங்கிட்ட சொல்லச் சொன்னாங்களே. என்னது?"

"ஆமாம்மா. சொல்லச் சொன்னாங்க." சுப்ரஜா நெற்றியைத் துடைத்துக்கொண்டே வாயைத் திறந்தாள். அப்படியே நின்றாள். "ஐயோ."

"என்னம்மா?"

"அது... ரெண்டு, ஒண்ணுன்னு இறங்கிக்கிட்டே வந்துச்சா, அதையே பாத்துக்கிட்டு வந்தேன். மறந்தே போச்சும்மா. சின்ன விஷயம்தான். ஒரே வரிதான் சொன்னாங்க."

"யோசிச்சுப் பாரு தாயி. பைய யோசி."

சுப்ரஜா கண்ணை மூடிப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். தலையை ஆட்டினாள். "வர மாட்டேங்குது. இதுக்கு ஏம்மா வருத்தப்படுதீங்க? ஒரு நிமிஷம், திரும்பக் கூப்பிட்டுக் கேட்டுருதேன்."

அவள் தன் போனை எடுத்து நம்பரைத் தொட்டாள். ஜெபகனியின் முந்தானைக்குள், உள்ளங்கையில், போன் அதிர்ந்தது. அதிர்ந்துகொண்டே இருந்தது. சேலைக்கு அடியிலேயே விரலால் தடவி, அழைப்பை எடுத்தாள்.

"சார், நான்தான் சுப்ரஜா. வந்து சேந்துட்டேன். அம்மாட்ட என்ன சொல்லச் சொன்னீங்க? மறந்துட்டேன் சார், திட்டாதீங்க."

பிறகு அவள் பேச்சை நிறுத்திக் கேட்கத் தொடங்கினாள்.

முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஜெபகனி இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்று அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். முதலில் அதில் சிரிப்பு இருந்தது. அது பைய அடங்கியது. கண்கள் ஜெபகனியின் பக்கம் திரும்பி அங்கேயே நின்றன.

"ம்" என்றாள் சுப்ரஜா.

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ஜெபகனி காத்திருந்தாள்.